வண்டிக்குப் பெயர் உண்டு, ரோடு போட்டவனுக்கு?

1955 செப்டம்பரில் பிரிட்டிஷ் மாணவர்கள் ஆறு பேர் லண்டனிலிருந்து இரண்டு லாண்ட் ரோவர் வண்டிகளில் கிளம்பி, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் சேர்ந்தனர். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகள். கூரைமேல் சாமான் தட்டு, கூடுதல் பெட்ரோல் டாங்கி, சேற்றில் புதைந்தால் இழுக்க முன்புறம் வின்ச் எல்லாம் பூட்டியிருந்தார்கள். கம்பெனிகள் விளம்பரத்துக்காகச் சாமான்களை இனாமாக வாரி வழங்கின. வண்டிகளுக்கு 'ஆக்ஸ்போர்டு', 'கேம்பிரிட்ஜ்' என்று நாமகரணம் வேறு! காடுமேடு சுற்ற வண்டியை மாற்றியமைக்கும் சீமான்கள் இன்றும் இந்தக் கதையைத்தான் பாராயணம் செய்கிறார்கள்.

வண்டியை நாம் பழிக்கவில்லை. வின்ச்சைப் பூட்டி நட்டை முறுக்கியதும் தொழிலாளியின் கைதான்.

ஆனால் நாம் கேட்கிறோம்: அஸ்ஸாமிலிருந்து பர்மாவுக்குள் அவர்கள் ஓட்டிச் சென்றார்களே லெடோ ரோடு, அதைப் போட்டது யார்? 1942 முதல் 1945 வரை, யுத்தத்துக்காக, கொட்டும் மழையிலும் மலேரியாவிலும் மலையை வெட்டியவர்கள் அமெரிக்கக் கறுப்பினச் சிப்பாய்களும், தேயிலைத் தோட்டக் கூலிகளும், மலைவாசிகளும். செத்த அமெரிக்கர் ஆயிரத்துக்கு மேல் என்று கணக்கு இருக்கிறது. செத்த கூலிக்கு ஒழுங்கான கணக்கே கிடையாது!

2019-ல் அதே 'ஆக்ஸ்போர்டு' வண்டியைப் பழுது பார்த்து, சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு ஓட்டிக் கொண்டாடினார்கள். வண்டியின் க்ஷேமத்தை விசாரித்தாயிற்று. ரோடு போட்டவன் பிள்ளைகுட்டிகளை விசாரித்தது யார்?