புண்பட்டது யார் மனம்?

2010ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள். நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவில் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கும் விழா. மேடையில் ஒரு நாற்காலி. அதில் ஆள் இல்லை. பரிசுக்குரிய லியூ சியாபோ சீனச் சிறையில் இருந்தார். அவர் மனைவி லியூ சியா பெய்ஜிங்கில் வீட்டுக் காவலில் இருந்தார். பெற்றுக்கொள்ள ஒருவரும் வர இயலாததால், பதக்கமும் பட்டயமும் அந்த வெற்று நாற்காலியின் மீதே வைக்கப்பட்டன.

யார் இந்த லியூ? இலக்கியம் பயிற்றுவித்த ஒரு விரிவுரையாளர். 1989இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தவர், பெய்ஜிங் மாணவர்கள் தியனான்மென் சதுக்கத்தில் கூடிய செய்தி கேட்டுத் தாயகம் திரும்பினார். ஜூன் 4 அதிகாலையில், படைகள் சூழ்ந்து நின்றபோது, மாணவர்கள் உயிரோடு வெளியேற வழிகோலிய நால்வருள் அவரும் ஒருவர். பின்னர் 2008இல், பேச்சுரிமையும் பல கட்சித் தேர்தலும் வேண்டும் என்று கேட்ட 'சாசனம் 08' என்னும் அறிக்கையை உருவாக்கியோருள் ஒருவரானார். முதலில் 303 பேர் அதில் கையொப்பமிட்டனர். ஆட்சியைக் கவிழ்க்கத் தூண்டினார் என்று 2009 டிசம்பர் 25இல் அவருக்குப் பதினோராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. வெடிகுண்டு எதுவும் சான்றாகக் காட்டப்படவில்லை, காட்டப்பட்டவை கட்டுரைகள். எழுதுகோல் பிடிக்கும் நாம் இதைச் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பரிசு அறிவிக்கப்பட்டதும் சீன அரசு சீறியது. குற்றவாளிக்குத் தந்ததால் நோபல் பரிசே களங்கப்பட்டது என்றது. பரிசுக் குழுவின் உறுப்பினரை நார்வே நாடாளுமன்றம் நியமித்தாலும் அதன் முடிவில் அரசுக்குப் பங்கில்லை என்ற விளக்கத்தைச் சீனா ஏற்கவில்லை. நார்வேயுடன் உறவு உறைந்தது. பாவம், அந்நாட்டுச் சால்மன் மீன்கூட சீனத் துறைமுகத்தில் கடுஞ்சோதனைக்கு ஆளாயிற்று! உறவு மீண்டும் சீரானது 2016 டிசம்பரில்தான்.

அயலார் செயல் பிடிக்காதபோதெல்லாம் சீன அரசு கூறும் ஒரு தொடர் உண்டு: "சீன மக்களின் உணர்வுகள் புண்பட்டுவிட்டன." இதைப் பொய் என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுவதற்கில்லை. அபினிப் போர் தொடங்கி ஒரு நூற்றாண்டுக் காலம் அந்நியரிடம் சீனம் பட்ட அவமானங்கள் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். "எங்கள் நீதிமன்றம் தண்டித்தவரைப் போற்ற நீங்கள் யார்?" என்று உள்ளம் கொதித்துக் கேட்ட சீனர் உண்டு. 1988இல் ஒரு ஹாங்காங் பேட்டியில், சீனா மாறுவதற்கு முந்நூறாண்டுக் குடியேற்ற ஆட்சி வேண்டியிருக்கும் என்று லியூ சொன்னதும் அவர்களுக்கு நெருப்பாய்ச் சுட்டது. எனக்கும் அது பிடிக்காத பேச்சுதான். இவ்வளவு ஏன், நாடு கடந்து வாழும் சீன எதிர்ப்பாளர் சிலரே, இவர் அரசிடம் மென்மையாகப் போகிறவர், பரிசுக்குத் தகுதியற்றவர் என்று எதிர்த்தனர். மறுபுறம், பரிசுச் செய்தி கேட்டுப் பெய்ஜிங்கில் கூடிக் கொண்டாட முயன்றோர் காவலர்களால் பிடிக்கப்பட்டனர்.

ஆக, சீன மக்களின் எண்ணம் ஒன்றல்ல, பல. இவற்றுள் எது பெரும்பான்மை? அதை அறியவே வழியில்லாமல் செய்தது அரசு. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அங்கே ஊர் வாயும் மூடப்பட்டது. வெளிநாட்டுத் தொலைக்காட்சியில் இச்செய்தி வந்தபோது திரை இருண்டது. இணையத்தில் அவர் பெயரைத் தேடினால் விடை வரவில்லை. 'வெற்று நாற்காலி' என்ற சொல்லே தடைப்பட்டது. பெயரே கேட்டறியாத ஒருவருக்குப் பரிசு தந்ததால் ஒருவர் மனம் எப்படிப் புண்படும்? சாசனத்தை அச்சிட்டு மக்கள் கையில் கொடுத்து, படித்தபின் அவர்கள் சினந்திருந்தால் அந்தச் சினத்துக்கு நான் தலைவணங்குவேன்.

நோபல் பரிசே வேண்டாம் என்று வெறுத்த நாடா சீனா? அதுவும் இல்லை. 2012இல் மோ யானுக்கு இலக்கியப் பரிசு கிடைத்தபோது அதே அரசு வாழ்த்தி மகிழ்ந்தது. அந்த மோ யானோ, பரிசு அறிவித்த மறுநாளே, லியூ விரைவில் விடுதலை பெற வேண்டும் என்று செய்தியாளரிடம் கூறிவிட்டார்! டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் மீண்டும் கேட்டபோது அவர் பிடி கொடுக்கவில்லை. பலர் அவரைக் கோழை என்றார்கள். ஊர் திரும்ப வேண்டிய எழுத்தாளரை அவ்வளவு எளிதாகப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1983இல் கம்யூனிஸ்டு போலந்தின் லெக் வாலேசாவுக்காக அவர் மனைவி ஆஸ்லோ சென்று பரிசைப் பெற்றுவந்தார். வென்றவரோ உறவினரோ எவரும் வர முடியாமற் போனதற்கு 2010க்கு முந்தைய எடுத்துக்காட்டைத் தேடினால், இட்லரின் ஜெர்மனியில் 1935ஆம் ஆண்டுப் பரிசு பெற்ற கார்ல் வான் ஒசீட்ஸ்கியிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. தன்மானம் பேசும் ஒரு பெருநாடு இந்த வரிசையில் நிற்கலாமா?

லியூ விடுதலையாகவில்லை. கல்லீரல் புற்றுநோயால் 2017 ஜூலை 13இல், காவலில் இருந்தவாறே, ஷென்யாங் நகர மருத்துவமனையில் இறந்தார். இரண்டு நாளில் அவர் சாம்பல் கடலில் கரைக்கப்பட்டது. சீனச் சமூக வலைத்தளமான வெய்போவில், அஞ்சலிக்காகப் பலர் இட்ட சிறு மெழுகுவர்த்திப் படத்தையும் அந்நாட்களில் தடுத்துவிட்டார்கள்.