விக்கெட் இல்லாவிட்டாலும் சாதனைதான்

"விக்கெட்டே எடுக்காதவருக்கு என்ன சாதனை?" என்று நெருப்பெரிச்சலைச் சேர்ந்த நண்பர் ஒருவர் இந்தியப் பந்துவீச்சாளர் பாபு நட்கர்னியை ஒதுக்கித் தள்ளுகிறார். ஏற்க முடியாது.

1964 ஜனவரியில் சென்னை டெஸ்டில், இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் நட்கர்னி வீசியது 32 ஓவர். அதில் 27 மெய்டன். கொடுத்தது 5 ரன். தொடர்ந்து 21 மெய்டன் ஓவர்கள்; அடுத்தடுத்து 131 பந்துகளில் ரன்னே இல்லை. அதே இன்னிங்ஸில் சந்து போர்டே 5 விக்கெட் எடுத்தார். ஒரு முனையில் ரன் வராவிட்டால், மட்டையாளர் மறுமுனையில்தானே துணிந்தாக வேண்டும்?

ஒருநாள் அதிர்ஷ்டம் என்றும் சொல்ல முடியாது. 41 டெஸ்ட்களில் அவர் கொடுத்தது ஓவருக்குச் சராசரியாக 1.67 ரன்தான். நண்பரே, விக்கெட் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பந்துவீச்சை எடைபோடாதீர்கள். கட்டுப்படுத்துவதும் பந்துவீச்சாளரின் கடமைதான். அதை நட்கர்னியைவிடச் சிக்கனமாகச் செய்தவர்கள் மிகச் சிலரே.