குளிரைவிடக் கொடியது முந்தி வரும் வெயில்

ஐரோப்பாவுக்குக் குளிர் புதிதல்ல. ஆனால் ஒரே மாதத்தில் ஒரு மூலையில் கடுங்குளிரும் இன்னொரு மூலையில் கோடை வெயிலுமாக இருப்பதை இப்போது அடிக்கடி கேள்விப்படுகிறோம். 2024-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி சுவீடன் நாட்டின் வடகோடியில், குவிக்யோக் பகுதியில், பூஜ்யத்துக்குக் கீழே 43.6 டிகிரி சென்டிகிரேடு பதிவாயிற்று. அதே மாதம் 25-ந் தேதி ஸ்பெயினில் வலென்சியாவை அடுத்த கவார்டா என்ற ஊரில் ஏறக்குறைய 30 டிகிரி வெயில் அடித்தது.

சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. அது ஆறு போல வளைந்து நெளியும்போது, ஒரு வளைவில் தெற்கத்திய அனல் மேலே ஏறுகிறது. அடுத்த வளைவில் வடதுருவக் குளிர் கீழே இறங்குகிறது. வளைவு நகராமல் நின்றுவிட்டால் நாட்கணக்கில் அதே நிலைதான்.

பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வருவது அந்த 43 டிகிரி குளிர். ஆனால் சுவீடனின் வடகோடியில் ஜனவரி மாதம் வயலில் எந்தப் பயிரும் கிடையாது. பிரெஞ்சு விவசாயியின் குடியைக் கெடுப்பது ஏப்ரல் மாதத்தில் வரும் வெறும் 4, 5 டிகிரி உறைபனி. அதிலும் குற்றவாளி குளிர் அல்ல, அதற்கு முன்னால் வந்து மரத்தை ஏமாற்றிய வெயிலே என்பது என் கருத்து.

இங்கே பனி என்று சொல்வது நம் மார்கழிப் பனித்துளி அல்ல. ஊட்டியில் தேயிலையைக் கருக்குகிறதே, அந்த உறைபனி. உறக்கத்தில் இருக்கும் திராட்சை மொட்டு பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியைக்கூடத் தாங்கும். துளிர் விட்டுவிட்டால் 2 டிகிரி உறைபனியே போதும், கருகிவிடும். ஆப்பிள் முழுதும் பூத்து நிற்கையில் 2 டிகிரி கீழே போனால் பத்தில் ஒரு பூ போகும். 4 டிகிரி கீழே போனால் பத்தில் ஒன்பது போய்விடும்.

2021-ல் பிரான்சில் நடந்தது இதுதான். மார்ச் கடைசியில் பல ஊர்களில் வெயில் 25 டிகிரியைத் தாண்டியது. கொடிகள் துளிர்த்தன, மரங்கள் பூத்தன. ஏப்ரல் 7, 8 தேதிகளை ஒட்டிய இரவுகளில் உறைபனி இறங்கியது. பர்கண்டி, லுவார், போர்தோ, ரோன் பள்ளத்தாக்கு என எங்கும் சேதம். அந்த ஆண்டு நாட்டின் திராட்சை மது உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அரசு 100 கோடி யூரோ நிவாரணம் அறிவித்தது. புவி வெப்பமடைந்ததால் துளிர்த்த பின் தாக்கும் இப்படிப்பட்ட உறைபனிக்கு வாய்ப்பு சுமார் 60 சதம் கூடிவிட்டது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். உலகம் சூடாகிறதென்றால் பனிச் சேதம் குறையவேண்டாமோ என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

இப்படி நடப்பது முதல் தடவையும் அல்ல. 1956-ல் ஜனவரி இதமாக இருந்து, ஆலிவ் மரங்களில் சாறு ஏறிவிட்டது. பிப்ரவரிக் கடுங்குளிரில் தென் பிரான்சின் தோப்புகள் பட்டுப்போயின. பலர் அடிமரத்தோடு வெட்டி, மறுதுளிருக்குக் காத்திருந்தார்கள். பலர் ஆலிவையே கைவிட்டார்கள்.

பனி இரவில் அங்குள்ளவர்கள் படும் பாடு சொல்லி முடியாது. ஏக்கருக்கு 120 முதல் 200 வரை பெரிய மெழுகு வாளிகளைக் கொளுத்தி வைக்கிறார்கள். நான்கைந்து இரவு தொடர்ந்தால் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. சிலர் மரத்தின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீர் உறையும்போது சூட்டை வெளியிடும்; மொட்டு பூஜ்ய டிகிரியை ஒட்டியே நின்று பிழைத்துக்கொள்ளும். நடுவில் பம்பு நின்றால் தொலைந்தது: ஈரம் ஆவியாகி மொட்டிலுள்ள சூட்டையும் இழுத்துக்கொள்ள, தெளிக்காத தோட்டத்தைவிட அதிகமாகக் கருகும்.

அங்கே பயிர் இன்ஷ்யூரன்சும் உண்டு. 2023 முதல் புதிய ஏற்பாடு. நஷ்டத்தில் முதல் 20 சதம் விவசாயி தலையில்; அதற்கு மேல் இன்ஷ்யூரன்ஸ்; பெருஞ்சேதம் என்றால் அரசு. பிரிமியத்தில் 70 சதம் வரை மானியம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நஷ்டத்தை எதை வைத்து அளக்கிறார்கள்? கடந்த ஐந்தாண்டு மகசூலில் மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் தள்ளி, மீதி மூன்றின் சராசரி. (கடைசி மூன்றாண்டுச் சராசரியையும் வைத்துக்கொள்ளலாம்.) உதாரணத்துக்கு ஒருவரின் ஐந்தாண்டு மகசூல் 40, 40, 20, 15, 10 குவிண்டால் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 25 ஆகிறது. ஆறாம் ஆண்டும் பனி விழுந்து 20 குவிண்டால்தான் கிடைக்கிறது. தோட்டத்தின் உண்மையான சக்தியில் பாதி போய்விட்டது. காகிதக் கணக்கிலோ 20 சதமே நஷ்டம். ஆக, ஒரு காசும் வராது. பனி அடுத்தடுத்து அடிக்க அடிக்க, பாதுகாப்பும் சேர்ந்தே கரைகிறது. இந்தச் சராசரியை மாற்றுங்கள் என்று பிரெஞ்சு விவசாயிகள் கேட்பது நூற்றுக்கு நூறு நியாயம். பனிச் சேதம் கண்ட ஆண்டுகளைக் கணக்கிலிருந்து நீக்குவதே முறை.

அதுவரை அவர்கள் கையில் இருக்கும் செலவில்லாத வழி, கவாத்தைத் தள்ளிப்போடுவது. கவாத்து செய்யாத கொடியில் நுனி மொட்டுகளே முதலில் துளிர்க்கும். அடி மொட்டுகள் பின்தங்கும். பனிக்கு நுனி பலியானாலும், பின்னர் வெட்டி எறிய வேண்டிய பாகம்தானே அது. இப்படிச் செய்தால் ஒரு வாரமோ சற்று அதிகமோ கிடைக்கும். பெரிய பண்ணைக்காரர் நூற்றுக்கணக்கான ஏக்கரை மார்ச் கடைசி வரை வெட்டாமல் வைத்திருக்க முடியாது, ஆள் கிடைக்காது. நாலைந்து ஏக்கர்காரர் குடும்பத்தோடு இறங்கினால் சில நாட்களில் முடித்துவிடுவார்.