தயிர்ச்சட்டியும் நித்திய ஆகாரமும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்பவர், வாழைச்சேனையைத் தாண்டி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் மாறிமாறித் தோன்றி மறையும் அந்த நீண்ட மணற்பூமியில் காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று ஊர்களை ஒவ்வொன்றாகக் கடக்கும்போது, மீனவரின் வாடிகளுக்கு அடுத்தபடியாகக் கண்ணிற்படுவன மாடுகளே. கறந்த பால் வெயிலில் சில மணி நேரத்துக்குமேல் நில்லாத பூமி இது. குளிரூட்டும் நிலையங்களும் பால் சேகரிக்கும் வண்டிகளும் எட்டிப் பாராத காலத்தில், காட்டோரப் பட்டியிற் கறந்த பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, முதல்நாள் தயிரிற் சிறிது உறை ஊற்றி மண்சட்டியில் உறையவிட்டாலொழிய, அதைச் சந்தைவரை கொண்டு சேர்க்க வேறு மார்க்கம் இருக்கவில்லை. இலங்கை முழுவதும் கீர்த்திபெற்ற மட்டக்களப்பு எருமைத்தயிர் இந்த நிர்ப்பந்தத்தில் பிறந்த பண்டம் என்றே நான் கருதுகிறேன்.

புளித்த உணவுகளை நித்திய ஆகாரத்திற் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்தியர்களும் பத்திரிகைகளும் இன்று ஒருமுகமாய் உபதேசிக்கிறார்கள். கொழும்பிலுள்ள பெரிய அங்காடிகளின் குளிர்ப்பெட்டிகளில் கொரிய நாட்டுக் கிம்ச்சியும், காக்கேசிய மலைநாட்டுக் கெஃபிரும், புளிக்கவைத்த தேநீராகிய கொம்புச்சாவும் கொலுவிருக்கின்றன. கொரியர் குடும்பத்தோடும் அயலாரோடும் கூடியிருந்து பனிக்காலத்துக்குக் கிம்ச்சி தயாரிக்கும் வழக்கத்தை யுனெஸ்கோ 2013 ஆம் ஆண்டில் மானிடப் பாரம்பரியங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. அவர்கள் அதைக் கொண்டாடுவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் மாங்கேணிக்காரருக்கு அந்த உபதேசத்தைச் சொல்லுமுன் நாம் ஆராய வேண்டிய விஷயம் வேறொன்று: புளித்த உணவு இவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, இருந்தும் அது ஏன் அன்றாடம் உண்ணப்படுவதில்லை?

பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். அதிகாலையில் தயிர் கடைந்து, மோரை விற்றுத் தானியம் பெற்றுச் சுற்றத்தை உண்பித்தபின், நெய்க்கு விலையாகப் பொன்னை வேண்டாது எருமையும் பசுவும் கன்றுமாகப் பெற்றுக்கொள்கிறாள். விற்பனையையும் வீட்டையும் ஒருங்கே நடத்தத் தெரிந்த பெண். நம் காலத்துப் பட்டிக்காரர் வீட்டிலோ, தயிர்ச்சட்டிகள் விடியற்காலையில் வண்டியேறி வீதிக்குப் போய்விட, அந்த வீட்டுப் பிள்ளைகள் நியூசிலாந்திலிருந்து கப்பலேறி வந்த பால்மாவைக் கரைத்த தேநீரைக் குடித்துவிட்டுப் பள்ளிக்குச் செல்வதைக் காணலாம். 2021, 2022 ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி வற்றி, பால்மாப் பைக்கற்றுக்காகத் தேசமே வரிசையில் நின்றபோதுகூட, தயிர்ச்சட்டி விருந்துக்கும் விற்பனைக்கும் உரியது என்ற எண்ணம் பெரிதாக அசைந்ததாகத் தெரியவில்லை.

நித்தியம் என்ற சொல்லை நான் அழுத்துவதற்குக் காரணம் உண்டு. ஜெனீவாவில் வைத்தியம் பயின்ற ஸ்தமென் கிரிகொரொவ் என்ற பல்கேரிய இளைஞர் 1905 இல் தம் நாட்டுத் தயிரிலிருந்து அதை உறையவைக்கும் கிருமியைப் பிரித்துக் காட்டினார். பாரிஸ் பாஸ்டர் நிலையத்திலிருந்த ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகொவ், பல்கேரியக் குடியானவரின் தீர்க்காயுளுக்கு இக்கிருமியே மூலம் என்று நம்பி, தாமும் புளித்த பாலை விடாது அருந்திவந்தார். 1908 இல் அவருக்குக் கிடைத்த நோபெல் பரிசு நோயெதிர்ப்பைப்பற்றிய ஆராய்ச்சிக்கானது, தயிருக்கானதன்று. அவர் காலமானது 71 ஆவது வயதில். தயிர் சிரஞ்சீவித்துவம் தரும் என்போர் இதனை மனத்திற் கொள்வது நல்லது. பின்வந்த ஆராய்ச்சியாளர் கண்டது என்னவெனில், அந்தப் பல்கேரியக் கிருமி மனிதக் குடலில் நிலைத்துக் குடியிருப்பதில்லை என்பதே. வீட்டுக்கு வந்து வேலையிற் கைகொடுத்துவிட்டு அன்றே புறப்பட்டுவிடும் உறவினரைப் போன்றவை இவை. உதவி தினமும் வேண்டுமாயின் தினமும் வரவழைக்க வேண்டியதுதான். கலியாண வீட்டில் ஒருநாள் சட்டிநிறையத் தயிர் உண்டு பிறகு மாதக்கணக்கில் மறந்திருப்பவருக்குக் கிட்டுவது நாக்கின் சந்தோஷம் மட்டுமே.

அப்படித் தினமும் உண்டால் தேகத்தில் என்ன நிகழ்கிறது? அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையார் ஆரோக்கியமுள்ள 36 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தயிர், கெஃபிர், கிம்ச்சி முதலிய புளித்த உணவுகளையும், மற்றவருக்கு நார்ச்சத்து மிகுந்த உணவுகளையும் 10 வாரகாலம் கொடுத்துப் பார்த்து, அதன் முடிவை 2021 இல் 'செல்' என்ற விஞ்ஞான சஞ்சிகையில் வெளியிட்டார்கள். புளித்த உணவு உண்டவரின் குடலில் நுண்ணுயிர்களின் வகை பெருகியது. உடலின் உள்ளழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் இரத்தத்திற் குறைந்தன. நார்ச்சத்துப் பிரிவில் அத்தகைய பெருக்கம் காணப்படவில்லை. இது சிறிய பரீட்சை. அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு புளித்த உணவு உண்டவர்கள். ஆகையால் ஒரு கோப்பைத் தயிரால் அதே பலன் விளையும் என்று சத்தியம்செய்ய எவராலும் இயலாது. எனினும் திசை இன்னதென்று அது சுட்டுகிறது.

தயிரின் சூக்ஷ்மம் எளிமையானது. பாலிலுள்ள சர்க்கரையைக் கிருமிகள் உண்டு புளிப்பு அமிலமாக்க, அந்தப் புளிப்பேற்றத்தில் பாற்புரதம் திரண்டு இறுகுகிறது. உண்டபின்னும் அக்கிருமிகளின் நொதியங்கள் எஞ்சிய பாற்சர்க்கரையை உடைக்க உதவுவதால், பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்களிற் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளுகிறது. எருமைப்பாலிற் கொழுப்பு ஏறக்குறைய 7 சதவீதம்; பசும்பாலில் அதிற் பாதியளவே. அதனோடு, பூச்சற்ற மண்சட்டி தயிரின் நீரைச் சிறிது உறிஞ்சி, வெளிப்புறத்தே ஆவியாக விட்டுத் தானும் குளிர்ந்திருக்கும். சட்டியைச் சரித்தாலும் தயிர் சரியாத அந்தக் கட்டித்தன்மைக்கு இவ்விரண்டுமே காரணம். இப்போது பலர் பிளாஸ்ரிக் பாத்திரத்துக்கு மாறிவருகிறார்கள். சுமப்பதற்கு இலகுதான், ஆனால் அந்தத் தயிர் மண்சட்டித் தயிருக்கு இணையாகாது.

புளித்தன என்று நாம் எண்ணுகிற எல்லாம் ஒரே வகையின அல்ல. தோசைமாவும், கள் விட்டுப் புளிக்கவைத்த அப்பமாவும் உயிருள்ளவை. கல்லிலும் தாச்சியிலும் வெந்தபின் அக்கிருமிகள் மடிந்துவிடுகின்றன. ஜீரணம் இலகுவாதல், தானியத்திலுள்ள தாதுச்சத்துக்கள் உடலிற் சேர்வதற்குத் தடையான பொருள் குறைதல் ஆகிய பிரயோஜனங்கள் மாத்திரம் எஞ்சும். பாணுக்கும் இதே கதி. கருவாடு உப்பினாலும் வெயிலினாலும் கிருமிகளை அடக்கிக் காக்கப்படுவது; மணம் பலமாயிருப்பதால் மட்டும் அது இந்தக் கணக்கிற் சேராது. வினாகிரி ஊற்றிச் செய்யும் அச்சாறும் அப்படியே. குவளையில் வரும் யோகட்டில் கிருமியும் உண்டு, சீனியும் தாராளமாக உண்டு. கள்ளையும் பட்டியலிற் சேர்க்க வேண்டுமென்று வற்புறுத்தும் நண்பர்கள் சிலர் எனக்கு உளர்; அவர்களோடு வாதாட இந்தப் பத்தியில் இடம் போதாது.

உயிரோடு உண்ணக் கிடைப்பதில் தயிருக்கு அடுத்த ஸ்தானம் பழஞ்சோற்றுக்கே உரியது. இரவு மிஞ்சிய சிவப்பரிசிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்து, காலையில் உப்பும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பிசைந்து, முதல்நாள் மீன்குழம்பு வற்றியிருந்தால் அதனையும் தொட்டுக்கொண்டு உண்பது வயலுக்கும் கடலுக்கும் போகிறவர்களின் காலை ஆகாரமாயிருந்தது. அது வறுமையின் சின்னம் என்ற வெட்கம் எப்படியோ நுழைந்து, இன்று அந்த இடத்தைப் பாணும் கோதுமைமா ரொட்டியும் கைப்பற்றியுள்ளன. வெட்கப்படுகிறவர்களைத் தேற்றுவதற்கென்று சிலர், 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாயிருந்த இரும்புச்சத்து ஓரிரவு ஊறியதும் 73.91 மில்லிகிராமாகிவிடும் என்ற கணக்கை ஓயாது பரப்புகிறார்கள். இரும்பு ஒரு மூலகம். எந்தக் கிருமியாலும் அதனைச் சிருஷ்டிக்க முடியாது. சோற்றில் ஏற்கெனவே உள்ள இரும்பு உடலில் இலகுவாகச் சேரக்கூடும் என்று சொன்னாலே போதுமானது; உண்மையான சிறப்புள்ள உணவுக்குப் பொய்ச் சான்றிதழ் எதற்கு?

இதில் ஓர் எச்சரிக்கை அவசியம். வடித்த சோற்றை மணிக்கணக்காக வெளியே கிடக்கவிட்டு நடுநிசியில் தண்ணீர் ஊற்றக்கூடாது. அந்த இடைவேளையிற் பெருகும் ஒருவகைக் கிருமி விடுகிற நஞ்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாதது. ஆறியவுடன் சுத்தமான தண்ணீரை ஊற்றி மூட வேண்டும்; காலையில் இளம்புளிப்பு மணம் இருந்தால் உண்ணலாம்; அருவருக்கத்தக்க வாடையோ பிசுபிசுப்போ இருந்தால் தயங்காது கொட்டிவிட வேண்டும். நோயெதிர்ப்புக் குன்றியவர்கள் பழஞ்சோற்றை வைத்தியரைக் கேட்டே உண்பது நலம்.

இனி, மீனும் தயிரும் ஒன்றாகச் சேரக்கூடாது, சேர்ந்தால் தோலில் வெண்புள்ளி படரும் என்ற நம்பிக்கையைப்பற்றிச் சொல்ல வேண்டும். கடற்கரையில் தயிர் அன்றாட ஆகாரமாகாமைக்கு இதுவும் பெருங்காரணம் என்பது என் அபிப்பிராயம். மத்தியானமும் இரவும் மீனின்றிச் சோறு இறங்காத ஊரில் இந்த விதியைக் கைக்கொண்டால், தயிருக்கு எந்த வேளை மிஞ்சும்? மீனோடு தயிர் உண்டு அந்தச் சரும நோய் வந்ததாக நவீன வைத்தியம் எந்த நிரூபணத்தையும் கண்டதில்லை. ஆயினும் ஆண்டாண்டாய் ஊறிய நம்பிக்கையோடு மல்லுக்கட்டுவதில் லாபமில்லை. காலைப்பொழுதைத் தயிருக்கு ஒதுக்கிவிடலாம். மட்டக்களப்பார் பிட்டோடு தயிரும் வாழைப்பழமும் பிசைந்து உண்ணத் தெரிந்தவர்கள். அந்தப் பிசைவுக்கு நிகரான காலை ஆகாரத்தை நான் வேறெங்கும் உண்டதில்லை. சீனியை மாத்திரம் குறைத்தால் அதில் வேறு குற்றமில்லை.

தயிர் பட்டியை நம்பியிருக்கிறது, பட்டி மேய்ச்சற்றரையை நம்பியிருக்கிறது. யுத்த வருஷங்களில் சிதறிய பட்டிகளை மீண்டும் சேர்த்தவர்களுக்கு இன்று மேய்ச்சல் நிலமே பிரச்சினை. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகள் பயிர்ச்செய்கைக்காக அபகரிக்கப்படுவதை எதிர்த்துப் பாற்பண்ணையாளர் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் அறவழிப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்த வழக்கு அரசாங்கத்தாரும் நீதிமன்றமும் தீர்க்க வேண்டியது. வீட்டிலே தீர்க்கக்கூடியதை மட்டும் மாங்கேணியிலும் அதன் அயலூர்களிலும் உள்ள பட்டிக்காரருக்கு விண்ணப்பமாக வைக்கிறேன்: விடியற்காலையில் சட்டிகளை வண்டியில் ஏற்றுமுன் ஒரு சட்டியை வீட்டில் இறக்கிவையுங்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுமுன் ஆளுக்கொரு அகப்பை அதிலிருந்து உண்ணட்டும்.