சசிரேகையா, வத்சலாவா, சுந்தரியா?

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். 'மாயாபஜார்' நாடகத்தையும் திரைப்படத்தையும் ஒப்பிட்டுத் தெலுங்கில் இரண்டு பக்கம். படத்தை வீட்டிலேயே பலமுறை பார்த்தாயிற்று. சுரபி குழுவினர் திருப்பதிக்கு வந்தபோது குடும்பத்தோடு போய் நாடகத்தையும் பார்த்திருந்தோம். ஆகவே உற்சாகமாக உட்கார்ந்தாள்.

எழுதியதை அவள் தமிழில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்த என் தாயார், "பொண்ணு பேரு சசிரேகை இல்லம்மா, சுந்தரி. கண்ணனோட மக" என்றார். பேத்தி அதையும் ஒரு வரி எழுதினாள். நான்தான், "ஆயா சொல்றதையெல்லாம் எழுதாதே, மார்க் போயிடும்" என்றேன். அவள் அந்த வரியை அடித்துவிட்டாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அம்மா சொன்னது தப்பா?

வியாசர் பாரதத்தில் அபிமன்யுவின் மனைவி விராடன் மகள் உத்தரை ஒருத்திதான். பரீட்சித்து அவள் வயிற்றில் பிறந்தவன். பலராமன் மகளை அபிமன்யு மணந்த கதை அங்கே கிடையாது. அது மக்கள் கட்டிக்கொண்ட கதை. தெலுங்கு நாட்டார் அவளைச் சசிரேகை என்றார்கள். 1957-ல் விஜயா நிறுவனம் கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் படம் எடுத்தபோது, தமிழில் அவள் வத்சலா ஆனாள். இரண்டிலும் நடித்தவர் சாவித்திரியேதான். நம் பக்கத்துப் பெரிய எழுத்துப் புத்தகத்திலோ 'அபிமன்னன் சுந்தரி மாலை' என்றே கதைக்குப் பெயர். ஆக, மூன்று பெயரும் சரி. மூலத்தில் இல்லாத கதைக்குப் படம் மட்டும் எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்?

படத்தைக் குறை சொல்ல வரவில்லை. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவையும் கடோத்கஜனாக வந்த எஸ். வி. ரங்காராவையும் மறக்க முடியுமா? ஆனால் அந்த வித்தைகளில் பல மேடையில் முன்பே பழகியவை. நமக்குப் பக்கத்து மாவட்டமான கடப்பையில் சுரபி என்ற சிற்றூரில் 1885-ல் தொடங்கியது சுரபி நாடகம். பெண் வேஷத்தைப் பெண்களே போட்டு, குடும்பம் குடும்பமாக நடித்து வருபவர்கள். கடோத்கஜன் விருந்தைத் தின்றுகொண்டே பாடும் பாட்டின் வித்துகூட அவர்கள் மேடையில் இருந்ததுதான். கம்பியும் கப்பியும் வைத்து ஆளைப் பறக்கவிடுகிறார்கள். கம்பி இருப்பது தெரிந்தும் கை தட்டுகிறோம். படத்தில் கேமரா செய்ததை இங்கே மனிதர்கள் நம் எதிரில் வியர்க்க வியர்க்கச் செய்கிறார்கள். என் மகளும் இதைக் கவனித்து எழுதியிருந்தாள். அது வரைக்கும் நல்ல கட்டுரைதான்.

அவளுக்குத் தெரியாத ஒன்று அவள் ஆயாவுக்குத் தெரியும். நாங்கள் ஆரணிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்து முதலில் குடியிருந்தது சித்தூரில். அந்தப் பக்கத்துத் தர்மராஜா கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் கதை, இரவில் கூத்து. ஒரு நாள் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது, கடைசியில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் வதம், தீமிதி. மேடையில் பேசுவது தெலுங்கோ தமிழோ, கூட்டத்தில் இரண்டு மொழிக்காரர்களும் உண்டு. அம்மா ஓர் இரவுகூடத் தவறவிட்டதில்லை.

படம் கல்யாணத்தோடு முடிகிறது. பாண்டவர் ஐவரும் படம் முழுக்கத் திரையில் வருவதேயில்லை, போரும் இல்லை. சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பாரதம் கேட்டவர்களால் அப்படிப் போக முடியாது. அந்த மாப்பிள்ளை பதின்மூன்றாம் நாள் போரில் சக்கர வியூகத்துக்குள் சாகப் போகிறான். விருந்தைத் தின்று சிரிக்க வைத்தானே கடோத்கஜன், அவன் மறுநாள் இரவு கர்ணனின் சக்தி ஆயுதத்தால் விழப் போகிறான். இதெல்லாம் தெரிந்த கூட்டம்தான் கல்யாணக் கூத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பின் கனம் வேறு. அம்மா சுந்தரியின் பேரைச் சொல்லும்போதே குரல் தழுதழுப்பது ஏன் என்று இப்போதுதான் எனக்கு விளங்கியது.

நம்மில் சிலர், "பிள்ளை தெலுங்குப் பள்ளியில் படிக்கிறாள், அங்கே கேட்டதை எழுதினால் போதாதா?" என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆனால் ஒப்பிடுவது என்றால் எது உயர்த்தி என்று மார்க் போடுவதல்ல; ஒன்றில் இருப்பது மற்றொன்றில் ஏன் இல்லை என்று கேட்பது. அதற்கு வேண்டிய மூன்றாவது சாட்சி நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது. அதை வெட்கப்பட்டு மறைக்கும்படி பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல, நான். வீட்டில் தமிழ் போய்விடுகிறதே என்று சங்கக் கூட்டங்களில் நாம் வருத்தப்படுகிறோம். அது இப்படித்தான் போகிறது, ஒரு வரி ஒரு வரியாக.

மறுநாள் காலை மகளைக் கூப்பிட்டு, "ஆயாவிடம் முழுக் கதையையும் கேட்டு, அடித்த வரியைத் திரும்ப எழுது" என்றேன். பாட்டியும் பேத்தியும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வரி ஒரு பக்கம் ஆயிற்று. கட்டுரை இன்னும் திருத்தி வரவில்லை. மார்க் எவ்வளவு வந்தாலும் சரி.

சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற பொங்கல் விழாவில் சினிமாப் பாட்டு நடனத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு அரைமணியை நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுப்போம். கூத்துப் பார்த்த கண்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். தெலுங்கில் எழுதினாலும் சரிதான்.