காத்திருப்பும் வேலை நேரமே: திருப்பூர் வட்டார நீண்டதூர லாரி ஓட்டுநர்கள் குறித்த நிலைப்பாடு

திருப்பூரிலிருந்து தூத்துக்குடி துறைமுகம் 300 கிலோமீட்டருக்கு மேல். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை வழியாக ஓரிரவு ஓட்டம். திருப்பூரின் காதர்பேட்டை பனியன் சந்தையிலிருந்து கிளம்பும் உள்நாட்டுச் சரக்கு இதைவிட நெடுந்தூரம் போகிறது: டெல்லி, கொல்கத்தா, அகமதாபாத். எதிர்த்திசையில் குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து பஞ்சுப் பேல்கள் அவிநாசி, பல்லடம், உடுமலை மில்களுக்கு வருகின்றன. பஞ்சு வருவதிலிருந்து பனியன் போவது வரை லாரி இல்லாமல் இந்தத் தொழில் ஓர் அடி நகராது. ஆனாலும் பனியன் தொழிலின் சம்பள ஒப்பந்தத்தில் கட்டிங், டெய்லர், அயர்ன், செக்கிங், பேக்கிங் என்று ஆளாளுக்கு ஒரு வரி உண்டு. லாரி ஓட்டுநருக்கு இல்லை. இத்தனைக்கும் பஞ்சப்படிக்காக 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றான தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பு, 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. பழைய சட்டத்தின் குறைகளை இந்த அறிக்கையை வெளியிடும் ஓட்டுநர் சங்கத்தின் உறுப்பினர்கள் நன்கு அறிவார்கள். அது வகுத்த வேலை வரம்பு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நீண்டதூர ஓட்டத்துக்கு அனுமதி பெற்றால் 10 மணி நேரமும் 54 மணி நேரமும். ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரைமணி ஓய்வு. இவை பெரும்பாலும் ஏட்டோடு நின்றன. என்றாலும் அந்தச் சட்டம் ஐந்து தொழிலாளர் உள்ள நிறுவனத்துக்கே பொருந்தியது. புதிய தொகுப்போ பத்துப் பேர் வேண்டும் என்கிறது. மூன்று லாரியும் வண்டிக்கு இரண்டு ஓட்டுநரும் வைத்திருப்பவர் முன்பு சட்டத்துக்குள் இருந்தார், இப்போது வெளியே. நாட்டின் சரக்கு லாரிகளில் பெரும்பகுதி ஐந்துக்கும் குறைவான வண்டி வைத்திருப்பவர்களுடையது என்பது ஊரறிந்த செய்தி. அப்படியிருக்க இந்த மாற்றத்தைச் சீர்திருத்தம் என்று அழைப்பதைச் சங்கம் ஏற்கவில்லை. (‘வன்மையாகக் கண்டிக்கிறது’ என்றே எழுத வேண்டும் எனச் செயற்குழுவில் ஒரு பகுதியினர் கோரினர். சொந்த லாரியைத் தாமே ஓட்டும் உறுப்பினர்களையும் கருதி, ஏற்கவில்லை என்ற சொல் முடிவானது.)

மாறாமல் அப்படியே புதிய தொகுப்புக்குள் வந்துவிட்ட ஒன்றும் இருக்கிறது. மாறியதைவிடக் கேடு செய்வது அதுதான். வண்டி ஓடும் நேரத்து வேலை, அதையொட்டிய துணைவேலை, நிலையத்தில் வெறுமனே காத்திருப்பது 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அதுவும் ஓட்டுநரின் வேலை நேரம் என்று இரண்டு சட்டங்களும் சொல்கின்றன. டைம்கீப்பர் உட்கார்ந்திருக்கும் பஸ் நிலையத்தை மனத்தில் வைத்து எழுதிய விதி போலிருக்கிறது. ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவே டீ குடிக்கும் நேரத்துக்கு அது சரி. கம்பெனி கேட்டில் காலையில் நிறுத்திய லாரி இரவில் கிளம்பும் ஊரில், பதினாறாவது நிமிடத்திலிருந்து ஓட்டுநர் வேலையில் இருக்கிறாரா ஓய்வில் இருக்கிறாரா? முதலாளி, அல்லது சேவையைக் கேட்க உரிமையுள்ள வேறொருவர், இவர்களுடைய ஏவலுக்கு உட்பட்ட நேரமே வேலை நேரம் என்று 1961 சட்டத்தின் விளக்கம் பொதுவாகத் தொடங்கியது. அதைப் பிடித்து, கேட்டில் நிற்பதும் வேலையே என்று வாதிட இடமிருந்தது. இந்த வட்டாரத்துக் கம்பெனிகளோ பதினைந்து நிமிடம் என்ற வாலை மட்டும் பிடித்துக்கொண்டன. அதைக்கூடப் படித்துப் பார்த்துப் பிடித்ததாகத் தெரியவில்லை.

கேட்டில் நடப்பது இதுதான். காலை பத்து மணிக்கு லோடு ரெடி என்று புக்கிங் ஆபீஸிலிருந்து போன் வருகிறது. ஓட்டுநர் ஒன்பதரைக்கே வந்துவிடுகிறார். செக்யூரிட்டி வண்டி எண்ணையும் நேரத்தையும் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டு ஓரமாக நிறுத்தச் சொல்கிறார். உள்ளே பையரின் க்யூசி ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாலிபேக்கில் சைஸ் ஸ்டிக்கர் மாறியிருக்கிறது என்று இரண்டு அட்டைப்பெட்டியில் தெரிந்தால் போதும், லாட் முழுவதையும் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். மதியம் போகிறது, சாயங்காலம் போகிறது. வண்டியை விட்டு நகர முடியாது. எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. வெயிலில் கேபினுக்குள் தூக்கம் வராது. லாரிக்கு அடியில் அட்டையை விரித்துக் கண்ணை மூடினால், பின்னால் வரும் வண்டிக்கு வழிவிடச் சொல்லி யாராவது தட்டி எழுப்புவார்கள். இரவு ஒன்பது மணிக்குக் கடைசிப் பெட்டி ஏறி, தார்ப்பாய் கட்டி, இ-வே பில்லில் வண்டி எண் ஏறும்போது கம்பெனியின் கணக்கில் பயணம் அப்போதுதான் தொடங்குகிறது. மறுநாள் காலை துறைமுக கட்-ஆஃப். கொழும்பு போகும் ஃபீடர் கப்பல் சைஸ் ஸ்டிக்கருக்காகக் காத்திருப்பதில்லை.

ஜிஎஸ்டி விதியிலேயே இதைவிட இரக்கம் இருக்கிறது. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பதுதான் 2021 ஜனவரி முதல் இ-வே பில்லின் காலக்கணக்கு. அதன்படி தூத்துக்குடிக்கு இரண்டு நாள். காகிதத்துக்கு இரண்டு நாள் கிடைக்கிறது, மனிதனுக்கு ஓர் இரவு. அந்த இரவுக்கு முந்தைய ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தை அவர் கேட்டிலேயே தொலைத்துவிட்டார் என்பது எந்தத் தாளிலும் இல்லை, கேட் ரிஜிஸ்டரைத் தவிர. அந்த ரிஜிஸ்டரோ கம்பெனியின் பூட்டுக்குள்.

கழிவறை பற்றியும் எழுத நேர்வது வெட்கக்கேடு. வெளிநாட்டு பையரின் ஆடிட்டுக்காக இவ்வூர்க் கம்பெனிகள் பல லட்சம் செலவிட்டிருக்கின்றன: தீயணைப்பு உபகரணம், குடிநீர்ப் பரிசோதனை, டைல்ஸ் ஒட்டிய கழிவறை. சமூகப் பொறுப்புச் சான்றிதழ் ரிசப்ஷன் சுவரில் தொங்குகிறது. அதே வளாகத்தின் மதிலுக்கு வெளியே, அதே சரக்கை ஏற்ற வந்தவர் தண்ணீர் பாட்டிலோடு சீமைக்கருவேல மரத்தடி தேடிப் போகிறார். வெளியாள் உள்ளே வரக்கூடாது என்பது பாதுகாப்பு விதியாம். லோடு ஏற்ற மட்டும் அவர் உள்ளாள். எல்லாக் கம்பெனிகளும் இப்படி இல்லை என்பதையும், ஓட்டுநருக்கு அறையும் சாப்பாடும் தரும் சில கம்பெனிகள் இருப்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும் என்று செயற்குழு கருதுகிறது. ஆடிட் கேட்டோடு நின்றுவிடுகிறது என்ற உண்மை அதனால் மாறாது.

பையர்களின் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்கலாம். சாலைப் போக்குவரத்துத் தொழிலாளர் வேலை நேரம் குறித்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு ஆணையின்படி, எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டித் தெரியாமல் ஏற்றவோ இறக்கவோ காத்திருக்கும் நேரம் வேலை நேரம். ஓட்டும் நேரம் குறித்த 2006ஆம் ஆண்டு விதி, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிற்கச் சொல்கிறது; டாக்கோகிராஃப் அதைப் பதிவு செய்கிறது. ஆக ஒரே அட்டைப்பெட்டி ஹாம்பர்க்கில் இறங்கியபின் அதை ஏற்றக் காத்திருப்பவருக்கு மணிக்கணக்கு உண்டு, திருப்பூரில் காத்திருப்பவருக்கு இல்லை. ஐரோப்பாவிலும் எல்லாம் ஒழுங்கு என்று சங்கம் சொல்லவில்லை. 2023இல் ஜெர்மனியின் கிரேஃபென்ஹவுசன் சாலையோர நிறுத்தத்தில் ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் நாட்டு ஓட்டுநர்கள் சம்பளப் பாக்கிக்காக லாரிகளை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தே பணத்தை வாங்கினார்கள். யாருடைய சரக்கு அந்த லாரிகளில் இருந்தது என்று தேடும் வேலை, அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டத்தை வைத்து அங்கே தொடங்கியது. அந்தக் கேள்வியைத் திருப்பூரின் கேட்டிலும் கேட்கலாம் என்பதைப் பையர்களின் உள்ளூர் அலுவலகங்கள் கவனத்தில் கொள்வது நல்லது.

எனவே சங்கத்தின் முதன்மைக் கோரிக்கை ஒன்றே. லாரி கேட்டுக்கு வந்த நேரமும் வெளியேறிய நேரமும் லாரி ரசீதில் எழுதப்பட்டு, கம்பெனி முத்திரையோடு ஓட்டுநருக்கு ஒரு நகல் தரப்பட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், நிற்கவைத்தவரே பணம் தர வேண்டும். இந்த ஹால்டிங் பணம் லாரி உரிமையாளரின் வாடகையோடு கலந்து மறைந்துவிடாமல், ஓட்டுநரின் பங்கு தனியே குறிக்கப்பட வேண்டும். பங்கு எவ்வளவு என்பதில் செயற்குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பாதிக்குக் குறையாமல் என்பது பெரும்பான்மைக் கருத்து. காத்திருப்பு ஒரு வரம்பைத் தாண்டினால் அன்றிரவு அதே ஓட்டுநர் தனியாக வண்டி எடுக்கக்கூடாது, மாற்று ஓட்டுநர் வேண்டும் என்பதையும் சங்கம் கொள்கையளவில் ஆதரிக்கிறது. செலவு யாருடையது என்பது பேசித் தீர்க்க வேண்டியது.

மற்றவை சுருக்கமாக. 2020 பிப்ரவரி 20 அதிகாலை அவிநாசி அருகே கன்டெய்னர் லாரி மோதி கேரள அரசுப் பேருந்தில் வந்த 19 பேர் இறந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. ஓட்டுநர் கண் அயர்ந்ததே காரணம் என்று கேரள மோட்டார் வாகனத் துறை விசாரணை கூறியது. தூங்கி ஓட்டுவதற்குச் சங்கம் ஒருபோதும் வக்காலத்து வாங்காது. ஆனால் இத்தகைய வழக்குகளில் ஸ்டீயரிங் பிடித்தவரின் பெயர் மட்டும் எழுதப்படுகிறது. அவரை அதுவரை விழித்திருக்க வைத்தவரின் பெயர் கேட்கப்படுவதில்லை.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, உயிரிழப்பு விபத்துக்குப் பின் தகவல் சொல்லாமல் தப்பினால் பத்தாண்டு வரை சிறை என்கிறது. லாரி ஓட்டுநர்களின் 2024 ஜனவரி வேலைநிறுத்தத்துக்குப் பின் அது நிறுத்திவைக்கப்பட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்த ஜூலை 1 அன்றும் அந்தப் பிரிவு சேர்க்கப்படவில்லை. அந்தப் பிரிவை எதிர்த்த சங்கத்தின் அப்போதைய நிலைப்பாடு தொடர்கிறது. கும்பலின் ஆத்திரத்தால் விபத்து நடந்த இடத்தில் நின்று காயமடைந்தவருக்கு உதவ முடியாமல் போகலாம் என்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவே ஒப்புக்கொள்கிறது. புதிய பிரிவை எழுதியவர்கள் அதைப் படித்திருக்கலாம்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாக்கியது வரவேற்கத்தக்கது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளுக்கு அதனால் ஒன்றுமில்லை.

லாரி ஓட்ட ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பல் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு எங்கும் கேட்கிறது. ஓட்டுநருக்கு உதவியாளாக இருந்த கிளீனரை ஒழித்தது யார்? தார்ப்பாய் கட்டி, டயர் மாற்றி, ரிவர்ஸுக்குக் கை காட்டி, காலி வண்டியில் கொஞ்சம் ஸ்டீயரிங் பிடித்துத்தான் ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் தொழில் கற்றார்கள். அந்த ஒரு சம்பளத்தை மிச்சப்படுத்திய பிறகு, பையன்கள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை என்று வருத்தப்படுவது வேடிக்கை. அரசின் பதிலோ 2019இல் ஓட்டுநர் உரிமத்துக்கான எட்டாம் வகுப்புத் தகுதியை நீக்கியது: வாசற்படியைத் தாழ்த்தினார்கள், உள்ளே இருப்பதைச் சரிசெய்யவில்லை. லாரி ஓட்டுநருக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் குடும்பங்களுக்கு ஏசி கேபினைக் காட்டிப் பயனில்லை. மாதம் எத்தனை இரவு வீட்டில் இருப்பார், மாதச் சம்பளம் என்று ஒன்று உண்டா என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள். டிரிப் பேட்டாவையே சம்பளமாகக் கணக்குப் பார்க்கும் முறை இருக்கும்வரை இரண்டுக்கும் பதில் கிடையாது.

நனைந்த அட்டைப்பெட்டிக்கும் குறைந்த மைலேஜுக்கும் தாமத டெலிவரிக்கும் பேட்டாவில் பிடித்தம் செய்வது, எழுத்தில் காரணம் காட்டி, ஓட்டுநரின் விளக்கத்தைக் கேட்ட பிறகே நடக்க வேண்டும். கூடுதல் பாரத்துக்கான அபராதம் 20,000 ரூபாயும் டன்னுக்கு 2,000 ரூபாயும். அதில் ஒரு பைசாவும் ஓட்டுநர் தலையில் விழக்கூடாது. அமைப்புசாரா ஓட்டுநர் நலவாரியப் பதிவை உறுப்பினர்கள் காலத்தில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீத வரி விதித்தபோது ஏற்றுமதியாளர்கள் பட்ட பாட்டைச் சங்கம் அறியும். சரக்கைத் தேதிக்குள் கப்பலேற்ற ஓட்டுநர்கள் இரவு பகல் பாராமல் ஓடியதை ஏற்றுமதியாளர்களும் அறிவார்கள். நெருக்கடிக் காலத்தில் சில கோரிக்கைகளைக் கட்டங்கட்டமாக நிறைவேற்றலாம் என்பதற்குச் சங்கம் இணங்குகிறது. கேட் நேரத்தை எழுதித் தருவதற்கு ஒரு பேனாதான் செலவு. அதற்குக் கட்டம் தேவையில்லை.

தொழிலாளர் விவகாரம் பொதுப்பட்டியலில் இருப்பதால், பத்துப் பேர் வரம்பை மீண்டும் ஐந்தாக்கவும், காத்திருப்பை வேலை நேரமாக்கவும் தமிழ்நாடு அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலைக் கோர வேண்டும். இந்த அறிக்கை தொழிலாளர் துறைக்கும் ஏற்றுமதியாளர், மில் உரிமையாளர் அமைப்புகளுக்கும் அனுப்பப்படுகிறது. பதில் வரும்வரை, நகல் தர மறுக்கும் கேட்டுகளில் ஓட்டுநர்கள் வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் லாரி ரசீதின் பின்புறம் தாங்களே எழுதி, கேட் தெரியும்படி செல்போனில் படமெடுத்துச் சங்க அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.