பிறந்த நாடே தகுதியாம்

'இருக்கிற வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கலாம், அப்படியே ஊரையும் சுற்றலாம்' என்ற பேச்சு நம் மாணவர்களிடமும் வந்துவிட்டது. வரட்டும். ஒரே நாற்காலியில் அறுபது வயதுவரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எவருக்கும் விதி இல்லை. வங்கிக் கவுண்டரில் நோட்டு எண்ணுகிற எனக்கே அந்த ஆசை உண்டு. ஆனால் தோழர்களே, அந்த வாசலில் நிற்கிறவன் நம்மிடம் என்ன கேட்கிறான் என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

தென்கொரியாவை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் கற்பிக்க வரும் அயலாருக்கு அங்கே ஈ-2 என்று ஒரு விசா. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது அது. ஒரு பட்டம் வேண்டும். எந்தப் பட்டமானாலும் சரி. விலங்கியல் படித்தவரும் வகுப்புக்குள் நுழையலாம். இந்தியருக்கு? 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய பொருளாதார ஒப்பந்தம் ஒரு சின்னச் சந்தைத் திறந்துவிட்டது. பட்டத்தோடு ஆசிரியர் தகுதிச் சான்றிதழும் காட்ட வேண்டும். காட்டினாலும் பள்ளிக்கூடத்தில் துணை ஆசிரியர்தான். ஹாக்வான் என்கிற தனியார் டியூஷன் கூடங்கள் தெருத்தெருவாக இருக்கின்றன. அங்கே நமக்கு இடமில்லை.

அவருக்குப் பிறப்பே தகுதி. நமக்குத் தகுதி இருந்தாலும் எடுபிடி. இந்தக் கணக்கை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதிலே ஒரு வேடிக்கை. தென்னாப்பிரிக்காவில் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர் பத்துக்கு ஒருவர்கூட இல்லை என்கிறது 2022 கணக்கெடுப்பு. அந்த மக்கள் போவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் 'தாய்மொழிக்காரர்' என்பது நாக்கைப் பார்த்துப் போட்ட பட்டியல் அல்ல என்பது இதிலேயே அம்பலமாகிறது. தாய்மொழிக்காரரே உத்தம ஆசிரியர் என்ற கொள்கை 1961-இல் உகாண்டாவின் மக்கரேரேயில் நடந்த காமன்வெல்த் மாநாட்டில் வேர்பிடித்தது என்றும், அது வெறும் பொய் நம்பிக்கை என்றும் ராபர்ட் பிலிப்சன் 1992-லேயே எழுதிவிட்டார். விசா அதிகாரிகள் எங்கே படிக்கிறார்கள்!

பதினைந்து வயதில் தட்டுத்தடுமாறி இங்கிலீஷ் கற்றவனுக்குத்தான் அது எங்கே வழுக்கும் என்று தெரியும். கொரியக் குழந்தை காபியைக் 'கொப்பி' என்கும், பஸ்ஸைப் 'பொஸு' என்கும். என் அம்மா 'காப்பி' என்பாள், 'பஸ்ஸு' என்பாள். அந்தக் குழந்தையின் வாய் ஏன் அப்படிப் போகிறது என்று நமக்குப் புரிகிற அளவுக்கு விலங்கியல்காரருக்குப் புரியுமா?

ஆகவே போங்கள் என்றே சொல்வேன். ராஜினாமாவை மட்டும் அவசரத்தில் எழுதாதீர்கள். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது சாகசம். முதல் தலைமுறைச் சம்பளக்காரரின் வேலையில் ஆறு பேர் சோறு இருக்கிறது. ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்கு. விசா முதலாளியோடு கட்டப்பட்டது, சண்டை போட்டால் ஊர்திரும்ப வேண்டியதுதான். சீனா 2021 ஜூலையில் ஒரே உத்தரவில், வெளிநாட்டில் இருந்தபடி இணையவழி டியூஷன் எடுத்த அயலார் பிழைப்பை முடித்துவைத்தது. பி.எட். முடித்துவிட்டுக் கிளம்புங்கள். சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்று. அந்த ஒப்பந்தத்தைத் திருத்துவதற்கான பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. இரும்புக்கும் காருக்கும் வரி பேசுகிற தில்லி அதிகாரிகள், 'துணை' என்ற அந்த ஒரு சொல்லை எடுக்கச் சொல்லியும் பேசட்டும். மாணவர் அமைப்புகள் அவர்களுக்கு எழுத வேண்டும். எழுத்தர் வேலை தெரிந்த நான் மனுவைத் தட்டச்சு செய்து தருகிறேன்.